தாத்தா படித்த பள்ளியில் குடும்பத்தைத் தேடுவது எப்படி?

நீங்கள் கேட்டது இது: உங்கள் அம்மாவின் அப்பா 1930-களில் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளியில், விடுதியில் தங்கிப் படித்தார். வீட்டில் மிஞ்சியிருப்பது அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் ஒன்றுதான். அவருடைய அப்பா என்ன தொழில் செய்தார், பூர்விக ஊர் எது, நடுவில் ஒரு வருஷம் ஏன் படிப்பு நின்றது என்று சொல்ல இன்றைக்கு வீட்டில் யாரும் இல்லை. வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களுக்கு எழுத வேண்டுமா, பள்ளியில் போய்க் கேட்டாலே ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும் என்றுதான் சொல்வேன். நான் நெல்லைப் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். பழைய ரிஜிஸ்டர்கள் என் பொறுப்பில் இருந்த காலத்தில் இப்படித் தேடி வந்தவர்கள் நிறையப் பேர். பெரும்பாலோர் பிறந்த தேதியை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும். அந்த வரியில் இருப்பவற்றிலேயே நம்பகம் குறைந்தது பிறந்த தேதிதான். குடும்பத்தைப் பற்றிப் பேசுகிற கட்டங்கள் அதற்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, யாரும் பார்ப்பதில்லை.

பள்ளிக்குப் போவதற்கு முன்னால் கையில் இருக்கும் புத்தகத்தை நிதானமாகப் படியுங்கள். அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. இப்போது போல ஒற்றைத் தாள் இல்லை, பைண்டு செய்த புத்தகம். பெயர், தகப்பனார் பெயர், மதம், அங்க அடையாளங்கள், வகுப்பு மதிப்பெண்கள் எல்லாம் இருக்கும். பல புத்தகங்களில் அதற்கு முன் படித்த பள்ளியும் சேர்ந்த தேதியும்கூட இருக்கும். அட்மிஷன் நம்பர் எங்காவது எழுதியிருந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. இல்லையென்றால் கணக்குப் போட்டுக் கொள்ளலாம். அப்போது ஐந்தாம் வகுப்போடு ஆரம்பப் பள்ளி முடியும். ஆறாம் வகுப்புக்கு முதல் ஃபாரம் என்று பெயர், பதினோராம் வகுப்பு ஆறாவது ஃபாரம். அந்த ஆறாவது ஃபாரத்தின் முடிவில்தான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. தாத்தா 1938-ல் தேறியிருந்தால், எந்த வகுப்பிலும் தோற்றுத் தங்காமல் வந்திருந்தால், முதல் ஃபாரத்தில் சேர்ந்தது 1932 ஜூன். ஒரு வருஷம் நின்றது என்பதால் 1931. முதல் ஃபாரத்திலிருந்தே அங்கே படித்தார் என்பதும் நிச்சயமில்லை. கிராமத்துப் பக்கம் எட்டாவது வரை படித்துவிட்டு நாலாவது ஃபாரத்துக்கு டவுனுக்கு வந்த பிள்ளைகள் ஏராளம். அதனால் 1930 முதல் 1936 வரை உள்ள ரிஜிஸ்டர்களைப் பார்க்கத் தயாராகப் போங்கள்.

இதைவிடப் பழைய தலைமுறையைத் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்.எஸ்.எல்.சி. வருவதற்கு முன் சென்னைப் பல்கலைக்கழகமே மெட்ரிகுலேஷன் பரீட்சை நடத்தியது. கல்வியாண்டும் எப்போதும் ஜூனில் தொடங்கியதில்லை. கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தது 1898 ஜனவரியில். ஜூன் மாதப் பக்கங்களில் பெயர் இல்லை என்று ரிஜிஸ்டரை மூடிவிடக் கூடாது.

இனி ரிஜிஸ்டர். சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம், அதைப் பள்ளி அழிக்கக் கூடாது. வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு (அந்தக் காலத்தில் பள்ளிக் கட்டணத்தைச் சம்பளம் என்றுதான் சொல்வார்கள்) போன்றவற்றைச் சில வருஷங்களில் கழித்துவிடுவது வழக்கம். அவை எங்காவது தப்பியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டைகள் பல பள்ளிகளில் இன்னும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அவற்றையும் கேளுங்கள்.

சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு மாணவனுக்கு ஒரு வரி. இரண்டு பக்கத்துக்கும் நீளும். வரிசை எண், பெயர், பிறந்த தேதி, பெற்றோர் அல்லது காப்பாளர் பெயர், அவர் தொழில், இருப்பிடம், மதம், சாதி, முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, அம்மை குத்தியிருக்கிறதா, விலகிய தேதி, விலகிய காரணம் என்று போகும். பள்ளிக்குப் பள்ளி கட்டங்கள் கொஞ்சம் மாறும்.

பிறந்த தேதியை ஏன் நம்பக் கூடாது என்றேன்? தலைக்கு மேலே கையை வளைத்து எதிர்ப்பக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. தேதி கேட்டால் "அந்தப் பெருமழை பெய்த வருஷம்" என்பார்கள். வாத்தியார் ஜூன், ஜூலையில் ஒரு நாளைப் போட்டுவிடுவார். பிற்பாடு சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால் ஓய்வு தள்ளிப்போகட்டும் என்று ஒன்றிரண்டு வயதைக் குறைத்துச் சொன்ன தகப்பன்மார்களும் உண்டு. வீட்டில் சாதகக் குறிப்பு இருந்தால் அதை நம்புங்கள். அதில் தமிழ் வருஷம் இருக்கும். 1927 சித்திரையில் தொடங்கியது பிரபவ. அதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணிக்கொள்ளலாம். சாதகம் சொல்லும் நாளுக்கும் பள்ளித் தேதிக்கும் இரண்டு வருஷம் இடைவெளி இருந்தால் பதற வேண்டாம், ஒரே ஆள்தான்.

காப்பாளர் கட்டத்தில்தான் கண்ணை வைக்க வேண்டும். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாய்மாமன் பெயரோ அண்ணன் பெயரோ இருந்தால் அங்கே ஒரு கதை இருக்கிறது. தகப்பன் இறந்திருக்கலாம். நெல்லைச் சீமையில் அதற்குச் சமமான இன்னொரு காரணம் கொழும்பு. கப்பல் ஏறி இலங்கைக்கும், ரங்கூனுக்கும், மலாயாவுக்கும் போனவர்களின் பிள்ளைகள் மாமன் வீட்டிலோ விடுதியிலோ இருந்து படித்தார்கள். காப்பாளர் ஒரு பாதிரியார் என்றால் பிள்ளை மிஷன் செலவில் படித்திருக்கலாம். விடுதியில் இருந்தவர் என்கிறீர்களே, அதனால் இருப்பிடக் கட்டத்தில் பூர்விக ஊர் இல்லாமல் விடுதியின் பெயரே இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் சோர்ந்துவிடாதீர்கள், "முன்பு படித்த பள்ளி" என்ற கட்டம் ஊரைச் சொல்லிவிடும்.

தொழில் கட்டத்தில் "ரயத்து" (விவசாயி), "வியாபாரம்", "கூலி" என்று ஒற்றைச் சொல்தான் இருக்கும். ஆனால் "கர்ணம்" (ஊர்க் கணக்குப்பிள்ளை), "மணியம்" (ஊர்த் தலைவர்) என்று இருந்தால் அது பெரிய திறப்பு. அவை பரம்பரைப் பதவிகள், 1980-ல்தான் ஒழிக்கப்பட்டன. வருவாய்த்துறைக் காகிதங்களில் அந்தக் குடும்பத்தின் பெயர் தலைமுறை தலைமுறையாக வரும். "உபதேசியார்" (மிஷனில் சம்பளத்துக்கு வேத போதனை செய்தவர்) என்றோ "மிஷன் வாத்தியார்" என்றோ இருந்தால் இன்னும் நல்லது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் தாத்தாவுக்கு ஒரு வருஷம் படிப்பு நின்றது என்பதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். எனக்கு அதுதான் உங்கள் கதையிலேயே நம்பிக்கை தருகிற செய்தி. நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயரை நீக்கிவிடுவார்கள். திரும்பி வந்தால் புது அட்மிஷன் நம்பர், புது வரி. அதாவது தாத்தா ஒரே பள்ளியில் இரண்டு இடத்தில் இருக்கலாம். இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தடவை தகப்பன் பெயர், இரண்டாம் தடவை அண்ணன் பெயர் என்றால் இடையில் என்ன நடந்தது என்று ஊகிக்கலாம். தொழில் "வியாபாரம்" என்பதிலிருந்து "கூலி" ஆகியிருந்தால் அதுவும் பேசும். விலகிய காரணம் "சம்பளம் கட்டாததால் பெயர் நீக்கம்" என்றிருந்தால் காலத்தையும் சேர்த்துப் படியுங்கள். 1930-களின் தொடக்கத்தில் உலகமெங்கும் மந்தம், விளைபொருள் விலை சரிந்தது. நிலத்தை நம்பியிருந்த வீடுகளில் முதலில் நின்றது பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம்தான்.

சாதிக் கட்டத்தை அந்தந்த வருஷத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1920-களில் அரசுப் பதிவுகளில் சமூகப் பெயர்கள் மாறின. 1921-ல் "நாடார்" என்ற பெயரை அரசு ஏற்றது, 1922-ல் "ஆதிதிராவிடர்" என்ற பெயரை ஏற்றது. ஆகவே அண்ணனுக்கு ஒரு பெயரும் தம்பிக்கு வேறு பெயரும் இருப்பது அதிசயமில்லை. அதற்கு முன் எழுதப்பட்ட சொற்களில் சில இன்றைக்குப் படிக்கவே மனம் கூசும். அதைப் பார்த்து இது நம் குடும்பம் இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள், எழுதியவன் பயன்படுத்திய சொல் அது. மிஷன் பள்ளிகளில் பல நேரம் "இந்தியக் கிறிஸ்தவர்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். தாத்தாவின் வரியை மட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பக்கம் முழுவதையும், முந்தின பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் பாருங்கள். கிராமத்திலிருந்து பிள்ளைகள் தனித்தனியாக வருவதில்லை. ஒரே மாட்டு வண்டியில், ஒரே பெரியவர் கூட்டி வந்து, ஒரே நாளில் மூன்று நான்கு பேரைச் சேர்த்துவிட்டுப் போவார். அடுத்தடுத்த எண்களில் ஒரே ஊர், ஒரே காப்பாளர் என்று இருந்தால் அவர்கள் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளாக இருக்கக்கூடும். அந்தப் பெயர்களில் ஒன்றை ஊரில் போய்ச் சொன்னால் "அட, அவரா, எங்க தாத்தாதான்" என்று யாராவது எழுந்து வருவார்கள். அப்புறம் ஐந்தாறு வருஷம் முன்னும் பின்னும் அதே ஊரையும் அதே காப்பாளர் பெயரையும் தேடுங்கள். அண்ணன் தம்பிகள் அங்கேதான் கிடைப்பார்கள். பெண் பிள்ளைகள் அந்த ரிஜிஸ்டரில் இருக்க மாட்டார்கள். பாளையங்கோட்டையில் சாரா டக்கர் பெயரில் உள்ள பெண்கள் பள்ளி போன்றவற்றில் தனியாகத் தேட வேண்டும். குடும்பத்தில் பெண்கள் படித்தார்களா என்றே நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. தேடிப் பார்த்தால்தான் தெரிகிறது.

1942-ஐத் தேடுபவர்களுக்கு: ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது ரங்கூனிலிருந்து நடந்தும் கப்பலிலும் வந்தவர்கள், ஏப்ரலில் குண்டு விழும் என்று சென்னையைக் காலி செய்தவர்கள் எல்லாரும் பிள்ளைகளைச் சொந்த ஊர்ப் பக்கத்துப் பள்ளிகளில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த வருஷத்து ரிஜிஸ்டரில் ஆண்டு நடுவில் சேர்ந்தவர்களையும் முன்பு படித்த பள்ளியின் பெயரையும் பார்த்தால் போதும், பர்மாவில் குடும்பம் எந்த ஊரில் இருந்தது என்று தெரிந்துவிடும்.

பாளையங்கோட்டை ரிஜிஸ்டர் உங்களுக்கு ஒரு கிராமப் பள்ளியின் பெயரைத் தரும். அங்கே போங்கள். திருநெல்வேலிச் சீமையில் மெஞ்ஞானபுரம், டோனாவூர், சுரண்டை போன்ற ஊர்களைச் சுற்றி சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷன் இருந்தது. நாசரேத், முதலூர், சாயர்புரம், இடையன்குடி பக்கம் எஸ்.பி.ஜி. (நற்செய்தி பரப்பும் சங்கம்) மிஷன். அவர்கள் நடத்திய ஊர்ப் பள்ளிகள் பல இன்று டி.டி.டி.ஏ. (திருநெல்வேலித் திருமண்டலத்தின் அறக்கட்டளை) பள்ளி என்ற பெயரில் நடக்கின்றன. அந்தக் காலத்தில் ஆரம்பப் பள்ளியில் டி.சி. கிடையாது, ரெக்கார்டு ஷீட்தான். அங்கேயும் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். டவுன் பள்ளி ரிஜிஸ்டரைவிட இதில் உங்களுக்கு விஷயம் அதிகம், ஏனென்றால் அந்த வாத்தியார் உள்ளூர்க்காரர். யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரியும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் வீட்டுப் பெயரையோ தெருவையோ சேர்த்து எழுதியிருப்பார். குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பக்கத்திலேயே கோவில் (சர்ச்) இருக்கும். அந்த வட்டாரச் சபைகளைக் கவனிக்கும் சேகர குருவானவரிடம் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். தகப்பன் பெயரோடு தாய் பெயரும் அதில் இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் தாய் பெயர் இருக்காது என்பதால் இந்த ஒரு படியைத் தவறவிடக் கூடாது. இந்துக் குடும்பம் என்றால் குலதெய்வக் கோவில் வரிக் கணக்கு, பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று என்று வேறு பாதை.

மிஷன் பள்ளிகள் மட்டும்தான் என்றில்லை. விருதுநகரில் நாடார் உறவின்முறையினர் (சமூகச் சங்கத்தார்) மகமைப் பணத்திலும் (சமூக நிதிக்கு வியாபாரிகள் கொடுத்த பங்கு), வீட்டுக்கு வீடு சேர்த்த பிடி அரிசியிலும் நடத்திய க்ஷத்ரிய வித்யாசாலை இருக்கிறது, காமராசர் படித்த பள்ளி. இப்படிச் சமூகம் நடத்திய பள்ளிகளுக்கு இரண்டு வகை ஆவணம் இருக்கக்கூடும். ஒன்று பள்ளி ரிஜிஸ்டர், இன்னொன்று உறவின்முறையின் கணக்குப் புத்தகம். இரண்டாவதில் யார் எவ்வளவு கொடுத்தார் என்று வீட்டுவாரியாக இருந்தால் குடும்பத்தின் நிலைமையே தெரிந்துவிடும். மதுரைப் பக்கத்தில் கள்ளர் சமூகப் பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், தொழிலாளர் துறை நடத்தி இன்று ஆதிதிராவிடர் நலத்துறையில் இருக்கும் பள்ளிகள் ஆகியவற்றுக்கும் இதே முறைதான். அங்கே கூடுதலாக உதவித்தொகைக் கோப்புகள் இருக்க வாய்ப்புண்டு. ஓரிடத்தில் இல்லையென்றால் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சி.எம்.எஸ். காகிதங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் காட்பரி ஆய்வு நூலகத்தில் இருக்கின்றன. எஸ்.பி.ஜி. காகிதங்கள் ஆக்ஸ்போர்டில், லண்டன் மிஷன் காகிதங்கள் லண்டனில் உள்ள சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில், இயேசு சபையின் மதுரை மாகாணக் காகிதங்கள் கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில். ஆனால் அங்கிருந்து தொடங்காதீர்கள். அவற்றில் சாதாரண மாணவர் பெயர் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பாதிரிமார் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் அவை. மிஷனில் சம்பளம் வாங்கிய உபதேசியார்களும் வாத்தியார்களும் அவற்றில் பெயரோடு வருவார்கள். கொள்ளுத் தாத்தா "உபதேசியார்" என்று ரிஜிஸ்டர் சொன்னால் அப்போது எழுதிக் கேளுங்கள், ஊர்ப் பெயரையும் வருஷத்தையும் குறிப்பிட்டு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் அப்படித்தான். பள்ளிக்கு மானியம் கொடுத்தது, அங்கீகாரம் கொடுத்தது என்று பள்ளியின் வரலாறு கிடைக்கும், பிள்ளையின் பெயர் கிடைப்பது அபூர்வம். 1820-களில் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ எடுத்த பள்ளிக் கணக்கெடுப்பைச் சிலர் ஆசையோடு தேடுவார்கள். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று சாதிவாரியாகத் தொகை இருக்கிறது. பெயர்கள் இல்லை.

நாகர்கோவில், செங்கோட்டைப் பக்கம் வேர் உள்ளவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். அது திருவிதாங்கூரோடு இருந்தது, 1949 முதல் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு. ரிஜிஸ்டரில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) இருக்கும், மலையாள எழுத்தும் இருக்கும். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டுங்கள். ஆவணி முதல் டிசம்பர் வரையுள்ள தேதி என்றால் 824. மேலிடக் காகிதங்கள் சென்னையில் இல்லை, திருவனந்தபுரத்தில் தேட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வேர் உள்ளவர்களுக்கு வேறொரு சிக்கல். 1823-ல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரியிலும், 1824-ல் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியிலும் பிள்ளைகளுக்கு அமெரிக்கர் பெயர்களைச் சூட்டினார்கள், குறிப்பாகப் படிப்புச் செலவை ஏற்ற நன்கொடையாளரின் பெயரை. ஆர்னால்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என்பவை அப்படி வந்தவைதான். அந்தப் பெயர் சில வீடுகளில் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. மிஷன் பட்டியலில் அமெரிக்கப் பெயர் மட்டும் இருந்தால் தமிழ்ப் பெயரைக் குடும்ப நினைவிலிருந்துதான் பொருத்த வேண்டியிருக்கும். அந்த மிஷனின் காகிதங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. போரிலும் இடப்பெயர்விலும் அங்கே இழந்தது மிக அதிகம். அதனால் "நூலகம்" என்ற ஈழத்து இணையதளத்தில் ஏற்றியிருக்கும் பள்ளி மலர்களையும் நினைவு மலர்களையும் ஒன்றுவிடாமல் பாருங்கள்.

பள்ளி மலர் என்றதும் நினைவுக்கு வருகிறது: உங்கள் பாளையங்கோட்டைப் பள்ளியிலும் மலர்களைக் கேளுங்கள். பரிசு பெற்றவர் பட்டியல், ஹாக்கி அணி, விடுதிச் செய்திகள், பெயர் அச்சிட்ட குரூப் போட்டோ. தாத்தாவின் இளவயது முகம் அங்கே கிடைக்கலாம். பள்ளியின் லாக் புத்தகத்தில் (அன்றாட நிகழ்வுகளை எழுதி வைக்கும் குறிப்பேடு) காலரா வந்து பள்ளியை மூடியது, இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தது எல்லாம் இருக்கும். தாத்தாவின் பெயர் அதில் இருக்காது, ஆனால் அவர் இருந்த வருஷங்கள் எப்படி இருந்தன என்று தெரியும்.

போகும் முறை. மார்ச், ஏப்ரலில் பரீட்சை, ஜூனில் சேர்க்கை. அந்த மாதங்களில் யாராலும் உங்களோடு உட்கார முடியாது. ஆகஸ்ட் நல்ல நேரம். முதலில் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். தாத்தாவின் பெயர், தகப்பன் பெயர், உத்தேச வருஷம், உங்களுக்கு என்ன உறவு என்பதைக் குறிப்பிட்டு, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் முதல் பக்க நகலையும் வையுங்கள். "தேடித் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். "உங்கள் மேற்பார்வையில் நானே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்குக் கதவு திறந்ததை நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். ரிஜிஸ்டர் எந்த பீரோவில் இருக்கிறது என்று உண்மையில் தெரிந்தவர் எழுத்தர்தான், அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். அரசு, உதவிபெறும் பள்ளிகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம். ஆனால் முதலிலேயே போடாதீர்கள். மனுவுக்கு ஒரு வரிதான் பதிலாக வரும், உங்களுக்கு வேண்டியது பக்கம் முழுவதும்.

தாள் நொறுங்கும் நிலையில் இருக்கும். எச்சில் தொட்டுப் புரட்ட வேண்டாம், விரித்து அழுத்த வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள், அட்டையையும் சேர்த்து எடுங்கள், பிறகு எந்த ரிஜிஸ்டர் என்று குழம்பாமல் இருக்கும். எடுத்த படங்களின் நகலைப் பள்ளிக்கும் கொடுங்கள். கிழிந்த ரிஜிஸ்டரைத் துணி பைண்டிங் செய்ய ஒரு தொகை கொடுத்தால் அடுத்துத் தேடி வருகிறவருக்கும் அது இருக்கும். லேமினேஷன் செய்ய மட்டும் விடாதீர்கள், அது தாளைக் கொன்றுவிடும்.

படங்களை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். மற்ற வீட்டுப் பிள்ளைகளின் சாதி, அரைச் சம்பளச் சலுகை, பெயர் நீக்கிய காரணம் எல்லாம் அதே பக்கத்தில் இருக்கின்றன. அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே ஊரில் இருக்கின்றன. உங்கள் வரியை மட்டும் வெட்டிப் பகிருங்கள், மீதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து புரியாத இடம் இருந்தால் அந்தக் கட்டத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பழைய எழுத்தர்களின் சுருக்கெழுத்து எனக்குப் பழக்கம்தான், படித்துச் சொல்கிறேன்.